பூட்டிய சுமைதாங்கி

காலை ஏழேகாலுக்கு வடலூரில் பஸ் ஏறினேன். மந்தாரக்குப்பத்துக்கு முப்பது நயா பைசா. நெய்வேலிக்கு வருகிறவர்கள் சுரங்கத்தைப் பார்க்க வருவார்கள். நான் ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். சீனச் சண்டையில் செத்த சிப்பாய் ஒருவனுக்கு, வடக்குத்து கிராமத்துப் பக்கத்துக் கூலிச் சனங்கள் சுமைதாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. பிள்ளைத்தாச்சியாய் இறந்த பெண்ணுக்கு வைக்கிற கல்லைக் கலியாணமாகாத பையனுக்கு ஏன் வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மந்தாரக்குப்பத்தில் டீ குடித்துவிட்டு ஒன்றரை மைல் நடந்தேன். எட்டரை மணி. சாலையோரம் தோள் உயரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருந்தார்கள். 'சிப்பாய் கோவிந்தசாமி' என்று வெட்டியிருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி, கதவு, கதவில் பூட்டு. 'புனிதச் சின்னம். தொடாதீர்' என்று பலகை வேறு. தொடாமல் எப்படி ஐயா சுமையை இறக்குவது?

தலையில் முந்திரி விறகுக் கட்டோடு ஓர் அம்மாள் வந்து வேலியோரம் நின்றாள்.

"சித்த ஒரு கை புடிங்க சார்."

இறக்கி வைத்தேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது. கல்லில் இருப்பது அவள் மகன் பெயர் என்று அப்புறம்தான் சொன்னாள்.

"லீவுல வந்தான்னா இங்கதாங்க நின்னுகினு இருப்பான். உடுப்போடவே கட்ட வாங்கி இறக்குவான், வெக்கப்படமாட்டான். அதான் அவனுக்குச் சுமைதாங்கிக் கல்லே போதும்னேன். தெருவே சேந்து தூக்கியாந்து நட்டாங்க."

"வேலி யார் போட்டது?"

"குடியரசு நாளுக்கு விழாக் குழுன்னு வந்தாங்க. வெள்ளையடிச்சாங்க, மாலை போட்டாங்க, போட்டா புடிச்சாங்க, பூட்டிகினு போயிட்டாங்க. அதோ வர்றாரே, அவருகிட்டதான் சாவி."

நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த குழுச் செயலாளரை மறித்தேன்.

"மரியாதைக்குத்தான் சார் பூட்டியிருக்கோம். இவங்க கண்டதையும் வெச்சு அழுக்காக்குறாங்க" என்றார்.

"எல்லைக்குப் போய்ச் செத்தது அவனா, உங்கள் சுண்ணாம்பா?" என்று கத்திவிட்டேன். தெருவில் நின்று சண்டை போடுகிற ஆளில்லை நான், அன்று போட்டேன்.

"கமிட்டியைக் கேக்காம திறக்க முடியாது. நீங்களே சொல்லுங்க, ஒரு தியாகி மேல விறகுக் கட்டை வெக்கலாமா?"

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "எம்புள்ள மேல நான் வெக்காம வேற யாருங்க வெப்பா?"

அவர் சைக்கிளை மிதித்தார். சாவி அவர் பையிலேயே போயிற்று.

கட்டை அவள் தலையில் தூக்கிவிட்டேன். அவள் நாலடி போவதற்குள் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இருவர். எல்லாம் விறகுக் கட்டு, எல்லோரும் வழக்கமாக இளைப்பாறும் இடம் இது. ஒவ்வொன்றாய் இறக்கினேன், ஏற்றினேன். பத்து மணி பஸ்ஸை விட்டேன். பதினொன்றரையையும் விட்டேன்.

ஒரு மணிக்குக் கிளம்பும்போது என் சட்டையெல்லாம் முந்திரிப் பட்டை, தோளெல்லாம் சிராய்ப்பு. கம்பிக்குள் கல் மட்டும் ஒரு கறையில்லாமல் வெள்ளையாக இருந்தது.