ஆற்றுக்கு இந்தப் பக்கம் கட்டிய காப்பு

கோவில் மலருக்குப் பழைய நினைவு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு நாலாம் வகுப்போடு சரி. எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன், பாதி மறந்தும் போய்விட்டது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிழா, தேர், பொங்கல் என்று இனிப்பாக ஏதாவது வரும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கோவிலைப் பற்றி நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

ஊரெல்லாம் கலவரமாகி, பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. நாங்கள் அப்போது பர்மாவில், தாகேதா என்ற பேட்டையில் இருந்தோம். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது என்னை அனுப்பவில்லை. பெரிய பெண்ணாகப் போகிறவள், காலம் சரியில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து செய்வதற்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் பிடித்திருந்தது. எங்கள் வார்டு பந்தாட்டக் குழுவின் பனியன்களுக்கு மஞ்சள் ஏற்றுவது.

அந்தக் குழு எந்த லீக்கிலும் இல்லை. பெயர் பதிந்த குழுவும் இல்லை. மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மழைக்காலம் முழுவதும் ஆடுவார்கள். சேறாகிவிட்டால் உமியைக் கொண்டுவந்து கொட்டி அதன்மேல் ஆடுவார்கள். மூங்கில்தான் கோல் கம்பம், கிழிந்த மீன் வலைதான் கோல் வலை. அதற்குமுன் நின்றவர் என் தாய்மாமன். அம்மாவின் தம்பி. மில்லில் கட்டை தூக்குபவர், கைகள் இரண்டும் துடுப்பு மாதிரி இருக்கும்.

வெள்ளைப் பனியன்களை அம்மா மஞ்சள் கரைத்த பானையில் ஊறப்போடுவார், நான் பிழிந்து காயப்போடுவேன். சாயம் வாங்க வழியில்லை. மழையில் ஆடினால் அந்த மஞ்சள் கரைந்து தொடை வழியாக இறங்கும். ஆட்டம் முடியும்போது பனியன் வெளுத்து, ஆட்கள் மஞ்சளாகி நிற்பார்கள். எதிர்க்குழுக்காரர்கள் எங்களை நன்வின் டீம் என்று கேலி செய்தார்கள். நன்வின் என்றால் பர்மியில் மஞ்சள். எங்கள் ஆட்கள் ரோஷப்படாமல் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் பார்க்க வந்தவர்கள் நாங்கள் நாலைந்து பிள்ளைகளும், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்கும் ஒரு குடிகாரரும்தான். நான் கோலுக்குப் பின்னால் மாமாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன், பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடை பாய் தன் இரண்டு மகன்களையும் ஆடவிட்டார். இடைவேளைக்குக் கெட்டிலில் டீ வந்தது. மீன் குழம்பில் சேமியா போட்ட மொஹிங்கா விற்கும் பர்மியப் பெண் ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லோரும் டோடோ என்போம். அத்தை என்று அர்த்தம். அவருடைய ஒரே மகன் எங்கள் குழுவில் வலது ஓரம் ஓடுபவன். மகன் ஆடும் நாளில் டோடோ கடையைப் பாதியில் மூடிவிட்டுக் கரண்டியும் கையுமாக வந்து நிற்பார். அவரைப் பார்த்து அவர் தெருக்காரர்கள் வந்தார்கள். அந்த மழைக்காலம் பாதி போவதற்குள் மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. தமிழர், துலுக்கர், பர்மியர் எல்லோரும் ஒரே சேற்றில் நின்றார்கள். கோவிலில் ஒன்றாக நிற்காதவர்கள், பள்ளிவாசலில் ஒன்றாக நிற்காதவர்கள், புத்தர் பகோடாவில் ஒன்றாக நிற்காதவர்கள். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. உலகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பஸுண்டாவ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலைக் குழு ஒன்று எங்களோடு ஆட வந்தது. காலில் பூட்ஸ், எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை. அவர்களோடு வந்தவர்கள் ஆட்டம் முழுவதும் கலா, கலா என்று கத்தினார்கள். நம்மைப் பிடிக்காதவர்கள் நம்மைக் கூப்பிடும் சொல் அது. மாமா ஒன்றையும் உள்ளே விடவில்லை. அவர்களும் விடவில்லை. டோடோ கரண்டியை ஆட்டிக்கொண்டு அவர்கள் பக்கம் போய், "என் பிள்ளையும் கலாதான், வா, வந்து சொல்லு," என்று பர்மியில் போட்ட சத்தத்தில் அவர்கள் வாய் அடங்கியது. கோல் இல்லாமலே முடிந்தது. மறு ஆட்டம் அவர்கள் மைதானத்தில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்று பேசிக்கொண்டார்கள். வார்டே கிளம்பிப் போவது, மேளத்தோடு பாலத்தை நடந்தே தாண்டுவது என்று முடிவானது. மாமாதான் முன்னால் நின்று ஏற்பாடு செய்தார். நான் பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து மஞ்சளில் முக்கிக் கொடி செய்தேன்.

அப்பா கோவில் கமிட்டி செக்ரட்டரி. பந்தாட்டம் பார்க்க அவர் வந்ததே இல்லை, ஆனால் தடுத்ததும் இல்லை. அந்த வாரம் திடீரென்று கமிட்டியைக் கூட்டினார். போன வருஷம் கலவரத்தால் தீமிதி நடக்கவில்லை, அம்மனுக்குக் குறை வைத்துவிட்டோம், அதனால் இந்த வருஷம் தீ மிதிப்பவர்கள் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு ஆண்கள் எல்லோரும் காப்புக் கட்ட வேண்டும், அதுவும் ஒரு வாரம் முன்னதாகவே என்றார். யார் மறுத்துப் பேசுவார்கள்? அம்மன் விஷயம்.

காப்புக் கட்டினால் என்ன கட்டுப்பாடு என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கறி மீன் கூடாது, தண்ணீர் தாண்டி வெளியே தங்கக்கூடாது. எங்களுக்கு ஆறுதான் எல்லை. வயிற்றுப் பிழைப்புக்கு ஆற்றைத் தாண்டலாம், விளக்கு வைக்கும் முன் திரும்பிவிட வேண்டும். கூத்து, விருந்து, விளையாட்டு என்று தாண்டவே கூடாது. பெரியவர்கள் வகுத்தது. வேலைக்குத் தாண்டினால் ஒன்றும் சொல்லாத அம்மன் பந்துக்குத் தாண்டினால் மட்டும் கோபித்துக்கொள்வாளா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். வாயில் ஒரு தட்டுத்தான் பதிலாகக் கிடைத்தது.

காப்புக் கட்டும் அன்று மாமா வரிசையில் கடைசியாக நின்றார். முறை வந்ததும் கையை நீட்டாமல், "மேட்ச் முடிஞ்சு வந்து கட்டிக்கிறேன் மச்சான். ஒரு நாள்தானே," என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டே, "உங்க அக்கா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யாருக்கு நேர்ந்துக்கிட்ட நீ? அவ இன்னிக்கு எழுந்து நடமாடுறாளே, அதுக்குக் கணக்குத் தீர்ந்துபோச்சா?" என்றார்.

என் தம்பி பிறந்தபோது அம்மா பிழைக்கமாட்டார் என்று சொல்லி, மாமா தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கையை நீட்டினார். அப்பா இறுக்கிக் கட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் தடவையாக அப்பாவை எதிர்த்து நின்றேன்.

"நீங்க அந்த ஆலைக்காரங்களுக்கு வேண்டியவரா?"

அவர் அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஆமாம்மா, அப்படியே வச்சுக்க," என்றார். அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

குழுவில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். பார்க்கப் போகிறவர்களிலும் அப்படித்தான். ஆட்டம் நின்றது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் டீக்கடையில் பாய் வேறு மாதிரி பேசினார். கயிறு உங்கள் கையில்தானே, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையே, போகாமல் இருந்தால் பயந்துவிட்டோம் என்றல்லவா கலா, கலா என்று சிரிப்பார்கள், உங்களுக்கும் சேர்த்து நாங்கள் ஆடுகிறோம் என்றார். டோடோவின் மகன் கோலில் நிற்பதாக ஒப்புக்கொண்டான். அவன் கோலில் நின்றதே கிடையாது. டோடோ என் அப்பாவைத் தெருவில் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "உங்க சாமிக்கு ஆறு தாண்டத் தெரியாதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு போனார். நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் புறப்பட்டார்கள். பாய் மகன்கள், டோடோவின் மகன், அவர்கள் தெருப் பையன்கள், பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். பர்மியர்களின் நீண்ட மேளம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். என் மஞ்சள் கொடி முன்னால் போனது. எங்கள் ஆட்கள் கையில் கயிறோடு பாலத்தின் இந்தப் பக்கம் நின்று வழியனுப்பினார்கள். நான் மாமாவின் பக்கத்தில் நின்றேன். மழை தூறியது. மேளச் சத்தம் பாலத்தின்மேல் ஏறி, தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் சட்டென்று நின்றது.

களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். மாமா அப்படி நினைக்கவில்லை. பாலத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினார். எங்கிருந்து வந்தாரோ, அப்பா பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்து புரண்டார்கள். மாமா திமிறினார், அப்பாவின் முகத்தில் அடித்தார். அப்பா விடவே இல்லை. இத்தனைக்கும் அவர் மெலிந்த மனிதர். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், மாமாவை விடுங்க, ஆட்டத்துக்குப் போகட்டும் என்று கத்தினேன்.

சாயங்காலம் பாயின் மகன்கள் திரும்பி வந்தார்கள். மேளம் இல்லை, கொடி இல்லை, ஒருவன் காலில் செருப்பும் இல்லை. பெரியவர்கள் அவர்களைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துமுன் நான் ஓடிப்போய் எத்தனை கோல் என்று கேட்டேன். பெரியவன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். நிறைய வாங்கியிருக்கிறோம், அதனால்தான் சொல்ல வெட்கப்படுகிறான் என்று முடிவு செய்தேன். மாமா கோலில் நின்றிருந்தால் இப்படி ஆகுமா என்று அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். பல மாதம் பேசவில்லை.

டோடோவின் மகன் அன்று வரவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு வந்தான். தலையை மொட்டையடித்திருந்தது. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மொஹிங்காவுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே இருப்பான், யாராவது பந்தைத் தட்டிக்கொண்டு போனால் உள்ளே எழுந்து போய்விடுவான். டோடோ எங்கள் தெருவில் யாரோடும் பேசவில்லை. பாய் கடையில் எங்கள் ஆட்கள் உட்காருவது நின்றது. கொஞ்ச நாளில் டோடோ கடையைக் காலி செய்துகொண்டு மாவ்பி பக்கம் போய்விட்டார் என்றார்கள். அந்தக் குழு அதற்குப் பிறகு ஆடவில்லை. மீதி இருந்த பனியன்களை அம்மா தரை துடைக்க எடுத்துக்கொண்டார். தீமிதி மட்டும் சிறப்பாக நடந்தது. மாமா தீ மிதித்தார். அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா சொன்னார். கமிட்டி கூட்டியதற்கு முந்தைய நாள் வார்டு ஆபீசுக்கு அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து நின்றாலே குற்றமாக இருந்த பட்டாளத்து ஆட்சிக் காலம் அது. கூட்டம் பாலத்தைத் தாண்டினால் எங்களுக்குப் பந்தும் தெரியாது மேளமும் தெரியாது, முன்னால் வருகிறவன் பெயர் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னார்களாம். மாமாவின் பெயர். இதை வெளியே சொன்னால் வதந்தி பரப்பியதாக உன்னையும் தூக்குவோம் என்றும் சொன்னார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, கயிறு திரிக்க உட்கார்ந்திருக்கிறார்.

பத்துப் பிள்ளைகள் பந்து விளையாடப் போவதை நிறுத்த ஒரு மனிதன் அம்மன் பெயரில் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஒரு காலத்தை உண்டாக்கியவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்துக்கு வார்த்தை இல்லை. சின்ன வயதில் அந்தக் கோபம் முழுவதையும் அப்பாவின் தலையில் கொட்டினேன். சேற்றில் புரண்டு அவர் எதைப் பிடித்து வைத்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் அதோடு முடியவில்லை. அந்தக் கயிறு எங்கள் வீட்டுக் கைகளுக்குத்தானே போதுமானதாக இருந்தது. பாயின் வீட்டுக்கு நீளவில்லை, டோடோவின் வீட்டுக்கு நீளவில்லை. அவர்கள் எங்கள் மானத்துக்காகத்தான் போனார்கள், பாலத்தில் பட்டாளத்திடம் மாட்டி டோடோவின் மகன் சிறைக்கும் போனான். இதை நினைத்தால் மறுபடி அப்பாவின் மேல்தான் கோபம் வருகிறது. அம்மாவிடம் கேட்டேன். புறப்படுகிற அன்று காலையில் அப்பா டோடோ கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், என்ன பேசினார் என்று தனக்குத் தெரியாது என்றார். அம்மாவும் இப்போது இல்லை. மாமா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நான் எழுதியதில் வருஷம், கிழமை எல்லாம் தப்பாக இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று கேட்கிறேன். அப்போது தாகேதாவில் இருந்தவர்கள் இதைப் படித்தால், பாயின் மகன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால், மாவ்பியில் டோடோவின் மகனைப் பார்த்தால், அவனிடம் விசாரித்துச் சொல்லுங்கள். அன்று காலை அப்பா அவர்களிடம் சொன்னாரா? சொல்லியும் போனார்களா, இல்லை தெரியாமல் போனார்களா?