பின்னால் பசை இருக்கிறதா?

"இதுக்குப் பின்னால பசை இருக்காக்கா?"

போன சனிக்கிழமை தாராவியில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒன்று. இருக்கு, இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எனக்கு வாய் வரவில்லை. 

அவர் பெயர் செல்வக்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமுறுக்கு சுற்றி விற்கிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். "பேரு, பலகாரம், கட்டிக் குடுத்த ஊரு... மூணையும் மாத்திட்டு எழுதிக்கோங்கக்கா" என்று அனுமதி தந்திருக்கிறார். மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் நிவேதிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பழைய ஆபீஸ் சிநேகிதியின் மகள், செம்பூர்ப் பெண், டிசைனர். தமிழ் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் தமிழ் எழுத்தின் வளைவு நெளிவைப் பார்ப்பதற்கு அவளுக்கு இருக்கிற கண் எனக்கு இல்லை. நான் பிழையைத்தான் பார்ப்பேன். விளம்பரக் கம்பெனியில் வருஷக்கணக்காகத் தமிழ் வாசகங்களைத் திருத்தியவளின் சாபம் அது.

பம்பாய்த் தமிழர்கள் வீட்டிலும் பட்டறையிலும் செய்து விற்கிற சாமான்களின் லேபிள்கள் — அப்பளம், இட்லி மாவு, ஊதுபத்தி, தோல் பை — இவற்றின் டிசைனைப் பற்றி அவள் ஒரு புத்தகம் போட்டிருக்கிறாள். நல்ல கனமான புத்தகம். முதலில் பதிவு செய்கிற இருநூற்றைம்பது பேருக்கு மட்டும் புத்தகத்தோடு ஓர் உறை. உள்ளே, புத்தகத்தில் இல்லாத எட்டு லேபிள்கள், ஸ்கிரீன் பிரிண்ட்டில், ஸ்டிக்கராக. கூடவே ஒவ்வொரு லேபிளைப் பற்றியும் நாலு வரி சொல்லும் ஒரு கார்டு. உறையின் மேல் பென்சிலால் அவளே நம்பர் போடுவாள். லிமிடெட் எடிஷன்!

மாட்டுங்கா ஹோட்டலில் எக்ஸ்ட்ரா சாம்பார் கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றிவிட்டுப் போவார்கள். புத்தக உலகில் எக்ஸ்ட்ராவுக்காகத்தான் புத்தகத்தையே வாங்குகிறார்கள். இதுவும் ஒரு காலம் என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கார்டை எழுதித் தர ஒப்புக்கொண்டேன்.

எட்டில் ஒன்று, முத்துப்பேச்சி கைமுறுக்கு. மஞ்சள் பின்னணி, பச்சை எழுத்து. நடுவே இரட்டை ஜடையும் சிவப்பு ரிப்பனுமாகப் பத்து வயதுப் பெண் ஒருத்தி, முறுக்கை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நெற்றியில் ஒரு சிவப்புத் தீற்றல். ஒரு புருவத்தையே மறைக்கிற அளவுக்குப் பெரியது.

செல்வக்கனியோடு போனில் பேசியிருந்தேன். "லேபிள்ல இருக்கிறது யாரு?" என்றதற்கு, "எம் பொண்ணுதான்க்கா. கட்டிக் குடுத்தாச்சு. சான்பாடால இருக்கா" என்றார். அப்படியானால் வெளியீட்டு விழாவில் அந்த லேபிளைப் பெரிதாக்கி வைத்து, பக்கத்தில் அந்தப் பெண்ணையே நிறுத்திப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? நிவேதிதா துள்ளிக் குதித்தாள். யோசனை என்னுடையது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிவப்புத் தீற்றலைப் பற்றியும் கார்டில் எழுதினேன். 'ரிப்பனுக்குள் அடங்காத சிவப்பு நெற்றிக்கு ஏறிவிட்டது. அச்சின் தவறே அழகாகும் தெருவின் துணிச்சல்!' எழுதி முடித்து, என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஒருவர் மட்டும் மறித்தார். தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போனால் காஜா பாயின் பட்டறை. ஸ்டிக்கர் அடிப்பவர். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன் என்று கட்டி, ஒவ்வொரு தாளாகக் கையால் இழுத்து அடிப்பார். அந்த லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மேடம், இந்த ரெண்டு செவப்பும் ஒண்ணு இல்ல. ரிப்பன்ல இருக்குறது இங்க். நெத்தியில இருக்குறது வேற என்னமோ. ஓரத்தப் பாருங்க, பொடிப் பொடியா நிக்குது."

"பழைய பிரஸ் வேலை பாய். கலர் நகர்ந்திருக்கும்."

"நகர்ந்தா ரிப்பனும் சேர்ந்துல்லா நகரணும்? இது மட்டும் எப்படித் தனியா நகரும்?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நாமெல்லாம் என்ன செய்வோம்? குரலை உயர்த்துவோம்.

"ஒரிஜினல் எப்படி இருக்கோ அப்படியே வரணும் பாய். அதுதான் இதுக்கு மதிப்பு."

"நீங்க சொன்னா சரி" என்றார். மற்ற நாலு ஸ்கிரீனோடு, அந்தத் தீற்றலுக்கு மட்டும் தனியாக ஐந்தாவது ஸ்கிரீன் ஒன்று கட்டினார். நிவேதிதா இரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் சிவப்பைக் கலந்தாள். பளிச்சென்று இருக்கக் கூடாது, கொஞ்சம் மங்கல், கொஞ்சம் செங்கல். ஓரத்துப் பொடியைக்கூடப் புள்ளி புள்ளியாகக் கொண்டுவந்துவிட்டாள்.

இப்போது இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். ஆனால் எனக்கு? வெள்ளிக்கிழமைதோறும் என் அப்பாவின் படத்துக்கு இதே மோதிர விரலால் குங்குமம் வைக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு அது குங்குமமாகத் தெரியவில்லை... டிசைனாகத் தெரிந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. லேபிள்காரர்கள் எல்லோருக்கும் முதல் உறையை நேரில் கொடுப்பதென்று நிவேதிதா முடிவு செய்திருந்தாள். செல்வக்கனி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்களை உட்கார வைத்தார்.

"ஆண்ட்டி, உங்க பொண்ணு நம்பர் குடுங்க. சண்டே ஃபங்ஷனுக்கு நானே கூப்பிடறேன்" என்றாள் நிவேதிதா.

"அவளுக்கு எங்கம்மா நேரம்? மாமியாருக்கு மேலுக்கு முடியல" என்றபடியே அவர் உறையைப் பிரித்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊதுபத்தி லேபிளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்தது முத்துப்பேச்சி. சிரிப்பு நின்றுவிட்டது. கட்டை விரலால் அந்த நெற்றியை மெல்லத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அப்போதுதான் கேட்டார், பின்னால் பசை இருக்கிறதா என்று.

"இருக்கு" என்றேன் ஒருவழியாக.

"எத்தன அடிச்சிருக்கீய?"

"இருநூத்தம்பது."

எழுந்து போய் சாமிப் படங்கள் இருந்த பலகையைக் காட்டினார். விளக்குக்குப் பக்கத்தில், ஒரு செம்பில் சாய்ந்தபடி அதே லேபிள். அதே நெற்றி, அதே குங்குமம்.

"புதுக் கட்டு வந்தா மேல இருக்க மொத லேபிள இங்க வச்சிருவேன். அந்தக் கட்டு தீர மட்டும் வெள்ளிக்கெழமக்கு வெள்ளிக்கெழம பொட்டு வைப்பேன். நாலு மாசத்துக்கு முன்னால ஒண்ணு காணாமப் போச்சு. எலி இழுத்துட்டுன்னு நெனச்சேன்."

"நான்தான் எடுத்தேன் ஆண்ட்டி..." என்றாள் நிவேதிதா. அவள் முதலில் வந்த அன்று இவர் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் இருந்திருக்கிறார். "ஒரு லேபிள் எடுத்துக்கறேன்" என்றதும் திரும்பாமலே "எடுத்துக்கம்மா" என்றிருக்கிறார். கீழே கிடந்த கட்டைச் சொல்லியிருக்கிறார். இவளோ எண்ணெய்க் கறை படாத, சுத்தமான ஒன்றாகப் பார்த்துப் பலகையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாள்.

செல்வக்கனி அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எம் போட்டோவப் போடுன்னு அடம் பிடிச்சதே அவதான்க்கா. மொதக் கட்டு வந்தன்னிக்கி தெருவெல்லாம் காட்டிட்டு வந்தா. மூணாவது கட்டு தீரல... மழக் காலத்துல காய்ச்சல். ஆறே நாளு."

பத்து வயது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"அப்போ சான்பாடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடைக்கு முறுக்கு மால் போடப் போவேன்லா... லேபிளப் பாத்துட்டு, ஒங்க பொண்ணு என்ன படிக்கான்னு கேப்பாவ. தெரியாம கேக்காவ, அவியள என்ன சொல்ல? மொத தடவ இல்லன்னு சொல்ல வாய் வரல. அஞ்சாப்புன்னுட்டேன். சொன்ன பெறவு வருசா வருசம் பாஸாக்கத்தான வேணும்? பத்தாவது எழுதுனா. காலேஜ் போனா. போன தையில கட்டிக் குடுத்துட்டேன். மாப்பிள்ள பேங்க்ல இருக்காரு."

கணக்காகச் சொன்னார். அவர் அழவில்லை. நிவேதிதா அழுதாள், நானும் அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது அந்தக் கார்டில் நான் எழுதிய வரிக்குத்தான்.

"இந்த ஸ்டிக்கரையே எடுத்துடறேன் ஆண்ட்டி. ஏழு போதும்" என்றாள் நிவேதிதா. "இல்லன்னா வெறும் பேப்பர்ல அடிக்கிறேன், பசையே இல்லாம. யாரும் எங்கயும் ஒட்ட முடியாது."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பசை என்றால் என்ன ஆகும்? லேப்டாப்பில் ஒட்டுவார்கள், தண்ணீர் பாட்டிலில் ஒட்டுவார்கள், பாத்ரூம் கதவில்கூட ஒட்டுவார்கள். எந்தத் தாய் பொறுப்பாள்? ஆனால் இன்னொரு பக்கம் மனசு குறுக்கு விசாரணை செய்தது. முறுக்கு பாக்கெட் மட்டும் எங்கே போகிறது? தினம் அந்த முகம் குப்பைக்குத்தானே போகிறது?

நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காததற்கு அவரே பதில் சொன்னார்.

"பாக்கெட்டுல இருக்கவ வேறக்கா. அவ வெளிய போறவ. மாட்டுங்கா போறா, தாதர் போறா, ரயில்ல போறா. பிள்ளைய நடுவுல வச்சு எல்லாரும் பிச்சுத் திங்காவ. கிழிப்பாவ, போடுவாவ... ஓடியாடுற பிள்ள மேல அழுக்குப் படாமலா இருக்கும்? அவளுக்கு நான் பொட்டு வச்சதே இல்ல. பொட்டு, வீட்டுல இருக்கவளுக்குத்தான். அவ வீட்ட விட்டு வெளிய வரக் கூடாது."

 பிறகு அவரே முடித்தார்.

"பொட்ட எடுத்துருங்க. பசை இருக்கட்டும்."

நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் முறுக்கு வாங்கி விற்கிற கடைக்காரர்கள். பொட்டு வைத்த படத்தைப் பார்த்ததும் எந்தத் தமிழனுக்கும் விளங்கிவிடும். பன்னிரண்டு வருஷமாக அவர் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்த பெண்ணை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் சாகடித்திருப்போம். அதுவும் நம்பர் போட்டு.

காஜா பாயிடம் போய்ச் சொன்னோம். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் கண் எதிரிலேயே அந்த ஐந்தாவது ஸ்கிரீனின் துணியைச் சட்டத்திலிருந்து பிய்த்து எடுத்தார். "இது இனி வேற வேலைக்கு வேணாம்" என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் பொட்டில்லாத முத்துப்பேச்சிகள் வந்துவிட்டார்கள். என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து, ஒவ்வோர் உறையாகப் பிரித்து மாற்றிவைத்தோம். பழையதை எல்லாம் அடுக்கி, துணியில் சுற்றி, செல்வக்கனியிடம் கொடுத்தோம். அதை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. நிஜமான லிமிடெட் எடிஷன் அதுதான். அதற்கு ஒரே ஒரு வாசகி.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது விழா முடிந்திருக்கும். யாராவது என்னிடம், "லேபிள்ல இருக்கிற பொண்ணு வரலையா?" என்று கேட்பார்கள். பிழை கண்டால் பொறுக்காத நான் கண் இமைக்காமல் சொல்லப் போகிறேன்: "மாமியாருக்கு உடம்பு முடியலையாம்." உங்களில் யாராவது இது எந்த லேபிள் என்று கண்டுபிடித்துவிட்டால், புண்ணியமாகப் போகும், கடையில் வாயைத் திறக்காதீர்கள்.

கார்டையும் மாற்ற வேண்டியிருந்தது. துணிச்சலும் அழகும் போன இடத்தில் என்ன எழுதுவது? போன் செய்து அவரையே கேட்டேன். "பேரப் போடுங்க, வயசப் போடுங்க. பத்துன்னு போடுங்க" என்றார்.

பேனாவை எடுத்த பிறகுதான் பயம் வந்தது. இருந்தாள் என்பதா, இருக்கிறாள் என்பதா? அப்புறம்தான் உறைத்தது, தமிழில் இதற்கு வினைச்சொல்லே தேவையில்லை என்று. ஆயுசு முழுக்க 'வினைமுற்று எங்கே?' என்று கேட்டு மற்றவர்கள் வாக்கியத்தில் வட்டம் போட்டவள் நான். முதல் தடவையாக, அது இல்லாததற்கு நன்றி சொன்னேன்.

'முத்துப்பேச்சி. வயது பத்து. தாராவி.'

பின்பக்கம் பசை உண்டு. எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.