இரண்டாவது புலி

இருபத்தாறு வருஷம் சூரியனைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர் இந்த அம்மா. ஆனால் வேலை நேரத்தில் வெயில் மேலே பட்டதில்லை. ஜன்னலே இல்லாத அறை, இரைச்சல் போடும் ஏசி, தடித்த மானிட்டர். விண்கலத்திலிருந்து வரும் படங்களில் சூரியனை ஒரு கறுப்புத் தட்டு மறைத்திருக்கும். அதைச் சுற்றிக் கிளம்பும் வெடிப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. புதிய படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால், நகர்ந்தது மட்டும் மிஞ்சும்.

"மாவு சலிக்கிற மாதிரிதான்" என்கிறார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அந்த அறையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது.

அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘புலி’. வீரத்துக்காக வைத்ததல்ல. சேர்ந்த மூன்றாம் வருஷம், தட்டைச் சுற்றி முழு வளையமாக ஒளி விரிந்தது. நம்மை நோக்கி வந்து மின்மாற்றிகளைக் கருக்கிவிடக்கூடிய வெடிப்பு அப்படித்தான் தெரியும். சூரியனுக்குப் பின்னால் வெடித்து எதிர்ப்பக்கம் ஓடுவதும் அச்சு அசலாக அப்படியே தெரியும். எதுவென்று சொல்ல, சூரியனின் முகத்தை எடுக்கும் இன்னொரு கேமராவின் படம் வேண்டும். அது வர அரைமணி ஆகும். இவர் பொறுக்கவில்லை, மின்நிலையத்துக்குப் போனைப் போட்டுவிட்டார். அங்கிருந்த பொறியாளர் மகளின் பள்ளி நாடகத்தைக்கூட விட்டுவிட்டு இரண்டு நாள் காவல் இருந்தார். ஒரு தூசிகூட அசையவில்லை; வெடிப்பு எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது.

எட்டு மாதம் கழித்து மறுபடி முழு வளையம்.

"என்னம்மா, புலி வருதா?" மேலதிகாரி சிரித்தார். "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா ஃபைல் ரூம்தான் உனக்கு."

"அரைமணி பொறுங்க சார்."

பத்து நகத்தையும் கடித்துத் தீர்த்தாராம். படம் வந்தது. சூரியனின் முகத்து நடுவே, முந்தைய நாள் வளைந்து கிடந்த ஒளிக்கீற்று அறுந்து பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. வெடித்தது நம் பக்கம்தான். போனை எடுத்தார்.

"அக்கா, மறுபடியும் நீங்களா?" என்றார் பொறியாளர். "அன்னைக்கு எம்பொண்ணு ஒரு வாரம் எங்கூட பேசல, தெரியுமா?"

"தெரியும்பா. இந்தத் தடவை மூஞ்சியவே பாத்துட்டேன். நாளைக்கழிச்சு காலைல வந்துரும்."



"சரிக்கா. இந்த வாரம் நாடகம் எதுவும் இல்ல. லோடைக் குறைச்சு வைக்கிறேன்."

சொன்ன காலையில், பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியின் கோடு துள்ளியது. பக்கத்து மாநிலத்தில் இரண்டு மின்மாற்றிகள் கருகின. இங்கே ஒரு தெருவிளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. சாயங்காலம் பொறியாளர் கூப்பிட்டார்: "அக்கா, ஒண்ணும் ஆகல."

மேலதிகாரி அதற்குப்பிறகு ஃபைல் ரூம் பேச்சே எடுக்கவில்லை. பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாற்றச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எதுக்கு? ரெண்டாவது புலி நெசமாவே வந்துச்சே!"

துணி காயப்போட மொட்டைமாடிக்கு வந்தவர், கட்டைவிரலை நீட்டிச் சூரியனை மறைத்தார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். விரலின் ஓரங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாளியை எடுத்தார்.