நாலு டப்பா மாவும் ஒரு ஐஸ் கையும்

“...அரிசியும் உளுந்தும் மட்டும் இருந்தா மாவு பொங்கிடுமா நைனா? கை வேணும். இவளுக்குக் கீறது ஐஸ் கை!”

போன வருஷம் சித்திரை மாதம், ஆவடியில் ஒரு மாவுக் கடையில் காலை வேளையில் கேட்ட பேச்சு இது. சொன்னவர் கடைக்கார அம்மா. கேட்டுக்கொண்டு நின்றவன் நான். அந்தக் கடை மாவை என் ஆட்டோவில் ஏற்றி டிபன் கடைகளுக்கும் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கும் போடுகிறவன். தலைகுனிந்து நின்றவர், நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வந்து, அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கையால் கரைக்கிற அக்கா. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். அந்தப் பத்து நாளும், அத்தனை வெயிலிலும், மாவு பொங்காமல் களிமண் மாதிரி கிடந்தது. வாடிக்கை டிபன் கடைக்காரரிடமும் அந்த அம்மா, “புது ஆளு கை அப்படி” என்று சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமையோடு அக்காவை நிறுத்துவதாக முடிவு. மாவைப் பொங்கவிடாத ஐஸ் கை என்று பெயர் விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வேறு எந்த மாவுக் கடையும் சேர்த்துக்கொள்ளாது.

நான் எட்டாவதோடு நின்றவன். சவாரி இல்லாத நேரத்தில் மகளின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டுவேன். மாவைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று அதில் படித்திருந்தேன். உயிர் என்றால் அதைச் சாகடிக்கவும் ஏதாவது இருக்க வேண்டுமே? கடையின் போர் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தும் அதே பத்து நாள்தான். தொட்டியைத் திறந்தால், கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரின் வாடை மூக்கில் ஏறியது.

உடனே கேன் தண்ணீரில் கொஞ்சம் அரைக்கச் சொல்லி, அக்காவையே கரைக்க வைத்து, சீக்கிரம் பொங்கட்டும் என்று டப்பாவை வெயிலில் வைத்தேன். சாயந்திரம் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மா அசரவில்லை.

“ரோட்டு வெயில்ல வெச்சிகினு பேசறியே. பொங்க வெச்சது தண்ணியா, வெயிலா?”

அவர் கேட்டது சரிதான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் மாலை போட்டிருக்கிறேன்! அந்த அம்மா செய்ததும் அதேதான்: ஆளும் மாறியது, தண்ணீரும் மாறியது, பழி மட்டும் ஆள் மேல்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் இறங்கினோம். இந்த முறை ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே அளவு உப்பு, ஒரே அலமாரி. இரண்டு டப்பாவில் லாரித் தண்ணீர் மாவு, இரண்டில் கேன் தண்ணீர் மாவு. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அக்கா கரைத்தார், இன்னொன்றைக் கடைக்கார அம்மா. எது எது என்று டப்பாக்களின் அடியில் மட்டும் எழுதி, நானே இடம் மாற்றி அடுக்கினேன்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது இரண்டு டப்பாவில் மாவு விளிம்பைத் தொட்டிருந்தது. இரண்டில் அசைவே இல்லை. “பொங்கினது ரெண்டும் என்னுதுதான்” என்றார் அந்த அம்மா. ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைக் காட்டினேன். பொங்கியதில் ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது. இரண்டுமே கேன் தண்ணீர். தூங்கிக் கிடந்த இரண்டிலும் அதே மாதிரி ஆளுக்கொன்று, லாரித் தண்ணீர்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: “உங்க கையும் ஐஸ்தான் போல கீதும்மா.”

கடையே சிரித்தது. எனக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி இருந்தது. இன்றும் யாராவது ஒருவரைக் கைகாட்டி ‘இவராலதான்’ என்றால், அன்றைக்கு வேறு என்ன மாறியது என்று கேட்காமல் நான் நம்புவதில்லை. அந்தக் கேள்வியைக் கற்றுத் தந்தது பாதி புத்தகம், பாதி என்னை மடக்கிய அந்த அம்மா.

அன்றைக்கு அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாலு டப்பாவையும் ஒருமுறை பார்த்தார். போனை எடுத்து டிபன் கடைக்காரரைக் கூப்பிட்டு, “தப்பு தண்ணியில, இவ கையில இல்ல” என்று எங்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு பெரிய அண்டாவை இழுத்து அக்கா முன்னால் வைத்து, உப்பு ஜாடியை அவர் கையில் கொடுத்தார்.