ரயிலைப் பார்த்த கேமரா

நவம்பரின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கெஸ்டர் லெஸாமா டொலிடோ நகரை விட்டுக் கிளம்பினான். பதினோரு வருடக் கால்பந்து வாழ்க்கை காரின் பின்சீட்டில் அடங்கியிருந்தது: நாலு ஜோடி பூட்ஸ், ஒரு மைக்ரோவேவ், சுருட்டிய கம்பளம். கிளப் அவனுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் தரவில்லை. முப்பத்து மூன்று வயது இடது பின்வரிசைக்காரனை வழியனுப்ப யாரும் வருவதில்லை. மைதானத்து வாசலில் அன்று அவனைப் பார்த்தது டிவி கேமராக்காரி மார்லீன் கோரெட்ஸ்கி ஒருத்திதான். அவளும் தன் மழைக்கோட்டை எடுக்க வந்தவள்.

"மிஸ் மார்லீன்! ரயில் நல்லா வந்துச்சாமே படத்துல?"

அவள் மழைக்கோட்டின் பொத்தானைப் போடத் தொடங்கினாள்.

"சும்மா சொன்னேன். முகத்த ஏன் இப்படித் தொங்கப் போடுறீங்க? ஹாமில்டன் கிளப்புல ஒரு கோச் பேசினார். வருஷத்தோட சிறந்த கோல் பட்டியல்ல என் பேர் வந்தா, எனக்காகப் பேச அவருக்கு ஒரு சாக்கு கிடைக்குமாம். வெள்ளிக்கிழமையோட பட்டியல் முடியுது. படமே இல்லாத கோலுக்கு யார் பேரு போடுவாங்க?"

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். கார் பாலத்தில் ஏறி மறையும்வரை மார்லீனின் வலதுகை, கேமரா பிடித்த மாதிரி, அதன் பின்னாலேயே திரும்பிக்கொண்டு போனது.

அந்தக் கை எப்போதும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் அவள் கணவன் ரே எழுந்து நடந்தால், உப்புக் குடுவையைத் தன்னையறியாமல் அவன் பக்கம் திருப்பிக்கொண்டே போவாள். "என்னைப் படம் எடுக்கறத நிறுத்துடி, தண்ணி குடிக்கத்தான் போறேன்" என்பான் அவன். லக்ரேஞ்ச் தெருப் பிள்ளையாக இருந்தபோது பூசை நேரத்தில் உட்காரத் தெரியாமல் தேவாலயத்தை விட்டு மூன்று முறை வெளியே அனுப்பப்பட்டவள். பத்தொன்பது வயதில் உள்ளூர் டிவிக்காகப் பந்துருட்டும் போட்டியைப் படம் பிடிக்கப் போனாள். ஓரிடத்தில் நில்லாத கண்ணுக்கும் சம்பளம் தரும் வேலை ஒன்று உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் முப்பது வருடம்; அதில் பதினான்கு வருடம் இந்தக் கிளப்பின் ஆட்டங்களுக்கு முதல் கேமரா.

முதல் கேமராவுக்கு ஒரே சட்டம். பந்தை விடக்கூடாது. கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் உன் படம் வீடுகளில் ஓடுகிறது; அணைந்தால் வேறொரு படம் ஓடுகிறது. அணைந்தாலும் பந்தை விடக்கூடாது.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் விட்டாள். கெஸ்டரின் அணிக்காரன் ஒருவனை எதிராளி இடறிவிட்டான். ஒளிபரப்பு டைரக்டர் டச் ஹேன்லன் அந்த இடறலை மறுபடி காட்டச் சொன்னார். விளக்கு அணைந்தது. எதிர்ப்பக்கம் ஆற்றுப்பாலத்தில் ஒரு சரக்கு ரயில், மஞ்சள் பெட்டிகள், ஒரே சீரான வேகம். விளக்கு அணைந்த ஐந்தாறு நொடிகளில் ஓடும் எதையாவது பிடித்துப் பார்ப்பது அவளுடைய பழைய ரகசியம். பெரும்பாலும் பறவைகள். அன்று ரயில். அந்த நேரத்தில், நடுவர் விசிலை வாயிலிருந்து எடுக்கும் முன்பே, பதினோரு வருடத்தில் ஒரு கோல்கூடப் போடாத கெஸ்டர் மைதானத்தில் தன் பக்கத்துப் பாதியிலிருந்தே ஃப்ரீ கிக்காகப் பந்தை ஓங்கி உதைத்தான். கோல்காப்பாளன் தன் ஆட்களைத் திட்டிக்கொண்டு வெகுதூரம் முன்னால் வந்திருந்தான். பந்து அவன் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

கூட்டம் அலறியது. மார்லீனின் படத்தில் பதினெட்டாவது ரயில்பெட்டி போய்க்கொண்டிருந்தது.

மற்றக் கேமராக்களில் ஒன்று பயிற்சியாளரைப் பார்த்தது, ஒன்று தரையில் புரள்பவனை. வலைக்குப் பின்னால் இருந்ததில் கடைசி ஒரு நொடி மட்டும் பந்து தெரிந்தது. கேபிள் பழுது என்று, போட்டிகளை நடத்தும் லீகுக்கு டச் எழுதி அனுப்பிவிட்டார். முழுப் படம் இல்லாததால் அந்தக் கோல் பட்டியல் பக்கமே போகவில்லை.

கெஸ்டர் போன அன்று மதியமே, அந்தக் கோலை யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்று, அவள் ரசிகர்கள் கூடும் பாருக்குப் போனாள். வறுத்த ஏரிமீன் வாசனை. ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள்.

"இதுல இருக்கு பாரு மார்லீன், முழுசா இருக்கு!"

"இது உன் மச்சானோட பிடரி."

"கோல் அதுக்குப் பின்னாடிதான் போச்சு!"

இன்னொருவன் தான் தின்ற தட்டையே இரண்டு நிமிடம் எடுத்திருந்தான். "வீட்டுக்காரிக்கு அனுப்ப எடுத்தேன். நீ மட்டும் என்னவாம், ரயிலைத்தானே எடுத்தே?" பார் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

புதன்கிழமை காலை, பயிற்சியாளர்களுக்காக ஆட்டங்களை அலசும் இலிரின் அறைக்கு ஓடினாள். கூரையில் அவன் ஒரு கேமராவைப் பொருத்தியிருப்பான். அசையாது, ஒலியும் கிடையாது. மைதானம் முழுவதையும் ஒரே படத்தில் விழுங்கும்.

"அது ஜனங்களுக்குக் காட்டுற படம் இல்லக்கா" என்றான் இலிர். "எறும்புப் புத்து மாதிரி இருக்கும்."

ஓட்டிக் காட்டினான். ஒரு எறும்பு உதைத்தது. ஒரு வெள்ளைப்புள்ளி மைதானத்தின் பாதியைத் தாண்டிப் பறந்தது. எல்லாம் இருந்தது.

வியாழக்கிழமை, அவள் அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்த லீக் அலுவலகத்துப் பெண் போனில் சொன்னாள்: "சேர்த்துக்கலாம் மேடம். ஆனா ஒளிபரப்புப் படம் ஏன் இல்லைன்னு முதல் கேமரா எடுத்தவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். கேபிள் பழுதுன்னா அந்த ரிப்பேர் சீட்டும் வேணும்."

மார்லீன் டச்சுக்குப் போன் போட்டாள்.

"உன்னைக் காப்பாத்தத்தானே அப்படி எழுதினேன்" என்றார். "இப்ப நீயே போய் ரயில் பாத்தேன்னு எழுதினா நான் பொய்யன். ஏப்ரல்ல அடுத்த சீசன் தொடங்கும்போது உன்னை எப்படிக் கூப்பிடறது? வேலை போயிடும், மார்லி. ஒரு வயசான பின்வரிசைக்காரனுக்காகவா?"

"அவன் போட்ட ஒரே கோல், டச்."

"நீ விட்ட ஒரே கோலும் அதுதான். விட்டுத் தொலையேன்."

வெள்ளி காலை ரே காபி ஊற்றும்போது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று காகிதம் கிழித்தாள். நடுவில் எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நாலாவது காகிதத்தில் இரண்டே வரி: விளக்கு அணைந்திருந்தது. நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பினாள்.

பத்துக் கோல்களில் கெஸ்டருடையது இடம் பிடித்தது. ரசிகர் வாக்கில் ஒன்பதாவது. பரிசு, தலைக்குமேல் காலைத் தூக்கி உதைத்த யாரோ ஒரு பையனுக்குப் போனது. ஜனவரியில் ஹாமில்டன் கெஸ்டரை எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. மார்லீன் அந்தச் செய்தியை மூன்று முறை படித்தாள்.

ஏப்ரலில் டச் கூப்பிடவில்லை. பள்ளிக்கூட மல்யுத்தம், ஒரு தேவாலயத்தின் ஞாயிறு பூசை என்று கிடைத்ததை எடுத்தாள். பாதிரியார் பிரசங்க மேடையை விட்டு அசையவே மாட்டார். ஒரு மணிநேரம் கை சும்மா கிடக்க அவளுக்குத் தோள் வலித்தது. "வேற ஏதாவது பாரேன்" என்றான் ரே. "பாத்துட்டுதான் இருக்கேன்" என்று காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைவரை போய், இறங்காமலே திரும்பி வந்தாள்.

அக்டோபர் கடைசியில் போனில் ஒரு செய்தி வந்தது.

"மிஸ் மார்லீன், கெஸ்டர். நேத்து என் கடைசி ஆட்டம், இதோட நிறுத்திட்டேன். உங்க கடிதத்தைப் பத்தி இலிர் நேத்துதான் சொன்னான். வேலை போனதையும் சொன்னான். ஒண்ணு சொல்லணும், கோபப்படாதீங்க. இங்க கோச் அந்தப் படத்தைப் பாக்கவே இல்லையாம். வேற ஒருத்தனுக்குக் கணுக்கால் உடைஞ்சுது, அதனால கூப்பிட்டாங்க. பட்டியலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மறைச்சா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். ஆனா நான் பாத்தேன். போட்டப்போ பந்து எங்க விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியல, ஆளுங்க என்மேல ஏறி அமுக்கிட்டாங்க. இன்னிக்குக் காலையிலயும் ரெண்டு தடவை பாத்தேன்."