நனைத்து வைத்த விதையும் பறிபோன பாத்தியும்

போன மாதம் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்கள் நம் கொல்லையிலிருந்து நாலு சட்டி மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு நான் போட்ட சத்தத்தைக் கேட்டு நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "மண்ணுதானேப்பா, விடுங்க" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் இன்னொருவன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோவையாக எழுத வருமோ வராதோ, எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அஜ்மானில் ஒரு கம்பெனியில் தச்சு வேலை பார்த்தேன். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எங்கள் ரூமில் பத்துப் பேர். ரூமுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு துண்டு இடம் சும்மா கிடந்தது. அதில் வெண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆசை. பருப்பும் கோழியும் மாறி மாறித் தின்று நாக்குச் செத்துப் போயிருந்தது எங்களுக்கு.

ஆனால் அங்கே கிடந்தது மண்ணே இல்லை, கடல். தோண்டினால் கிளிஞ்சல். காய்ந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். குளிர் முடிகிற நேரத்தில், நம் கணக்குக்கு மாசி மாதம், விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால் வெயில் முளையைப் பொசுக்கிவிடும். அதனால் மார்கழியிலேயே ஆரம்பித்தேன். தினமும் டியூட்டி முடிந்து வந்து, இருட்டும் வரை தோண்டுவேன். முழங்கால் ஆழத்துக்கு அந்த உப்பு மணலை எடுத்து வெளியே கொட்டினேன்.

கேம்ப்புக்கு நல்ல தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். அதை ஓட்டியவர் ஒரு பட்டாணியர். ஊருக்கு உள்ளே தள்ளி, கடல் எட்டாத பக்கத்தில் கிடக்கும் சிவப்பு மண்ணை அவர்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். ஆட்டுப் புழுக்கையும் அவர் தயவுதான். "எல்லாரும் இந்த ஊர்ல தோண்டி எண்ணெய் எடுக்குறான். நீ வெண்டைக்காய் எடுக்கப் போறியா, பாய்?" என்று இந்தியில் கேட்டுத் தானே சிரிப்பார். தொட்டி நிரம்பிய பிறகு லாரிக் குழாயில் தங்கும் தண்ணீரை என் பாத்தியில் விடுவார்.

புழுக்கையை மக்கவிட்டு, மண்ணோடு கொத்திக் கலந்து, அந்தத் தண்ணீரை விட்டு, அடியிலிருந்து ஏறுகிற உப்பைக் கீழே இறக்க வேண்டும். சுற்றியுள்ள உப்பு மறுபடி ஏறப் பார்க்கும். மறுபடி தண்ணீர். இறங்கியதா என்று பார்க்க ஒரு சிட்டிகை மண்ணை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவேன். புழுக்கை போட்ட மண்ணையா என்று முகம் சுளிக்காதீர்கள். வேறு கருவி என்னிடம் இல்லை. "அண்ணே, இன்னிக்கு மண்ணுல உப்புத் தூக்கலா?" என்று ரூமில் கேலி பண்ணுவார்கள்.

கேம்ப்பை மேற்பார்க்கிற எங்கள் கேம்ப் பாஸும் தமிழன்தான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். தினமும் அந்த வழியாகப் போவான். "அண்ணே, முதல் காய் எனக்குத்தான்" என்பான். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் மண்ணை நாக்கில் வைத்தேன். கரிப்பே இல்லை. அடடா, அந்தச் சந்தோஷம்! மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு, விதைத்துவிடலாம். உங்கள் அம்மா கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்த வெண்டை விதை அத்தனையையும் ஈரத் துணியில் முடிந்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். பாதியைக் காய்ந்தபடி வைத்திருக்கலாம். அவசரப்பட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்தி இல்லை. குழி இருந்தது. சுவரோரம் ஒட்டியிருந்த கொஞ்சத்தைத் தவிர எல்லாவற்றையும் வழித்து எடுத்திருந்தார்கள். நேரே கேம்ப் பாஸிடம் போனேன்.

"என் மண்ணு எங்க?"

"நாளை மறுநாள் முதலாளி வர்றாருண்ணே. ஆபீஸ் வாசல்ல பூச்செடி வைக்கச் சொல்லி மேனேஜர் ஆர்டர். நல்ல மண்ணுக்கு நான் எங்க போறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இடம் கம்பெனியோடது, அதை மறந்துடாதீங்க. மண்ணுதானே, விடுங்கண்ணே. பாலைவனத்துல மண்ணுக்கா பஞ்சம்?"

இரண்டு மாதம் அந்த வழியாகப் போய்வந்து பார்த்தவன் சொல்கிற பேச்சா இது? மணலுக்குப் பஞ்சமில்லை, சரி. அவன் ஏன் அந்த மணலை அள்ளவில்லை? நான் மண்ணாக்கி வைத்ததைத்தானே தேடி வந்து அள்ளினான்! ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். என் மண்ணில் ஊதாப் பூக்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

ரூமில் ஈரத் துணிக்குள் விதைகள் ஊதிப்போயிருந்தன. நனைந்த விதை யாருக்காகவும் காத்திருக்காது. சுவரோரம் மிஞ்சியதைச் சுரண்டி எட்டுப் பால் பவுடர் டின்களில் நிரப்பி, முடிந்த மட்டும் ஊன்றினேன். மீதி அழுகிப்போயிற்று.

முதலாளி வந்தார், காரிலிருந்து இறங்கினார், உள்ளே போனார். பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார்கள். அதன் பிறகு, நல்ல தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கேம்ப் பாஸ் அந்தச் செடிகளுக்குக் கேம்ப் கிணற்றுத் தண்ணீரை விடச் சொல்லியிருக்கிறான். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளையாக உப்புப் படியும். பத்தே நாளில் செடிகள் ஓரம் கருகிச் சுருண்டன.

என்னை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனால் மேனேஜர் முன்னால் நின்று கேம்ப் பாஸ் இந்தியில் சொல்கிறான்: "இவர் மண்ணுதான் சார் கெட்ட மண்ணு. ஆட்டுப் புழுக்கையைக் கொட்டி வச்சிருக்கார், அந்தச் சூடுதான் செடியைக் கருக்கிடுச்சு."

திருடிக்கொண்டு போனதுமல்லாமல் பழியும் என் தலையிலா? குனிந்து செடியடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். சுரீரென்று கரித்தது. "நமக், சார்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் உப்பைச் சொன்னேன். "மண்ணு அச்சா. கிணத்துப் பானி கராப்."

மேனேஜர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "கலாஸ், போதும். இந்த மண்ணை அள்ளிட்டுப் போகச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். தப்பு யாருடையது என்று ஒரு சொல் இல்லை. என் வெள்ளிக்கிழமை லீவில் என் மண்ணை நானே தள்ளுவண்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி லாரிக் குழாய், மறுபடி நாக்கு. டின்களில் முளைத்திருந்த கன்றுகளை இறக்கி நட்டபோது வெயில் ஏறிவிட்டது. ஐந்துதான் பிழைத்தன.

காய்த்ததும் கேம்ப் பாஸ் வந்தான். "அண்ணே, முதல் காய் எனக்குன்னு சொன்னேனே."

"கெட்ட மண்ணுல காய்ச்சது தம்பி. உனக்குச் சூடு பிடிச்சிரும்" என்றேன். ரூமே சிரித்தது. முதல் காயைப் பட்டாணியரிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே பச்சையாகக் கடித்துத் தின்றார்.

உங்கள் அப்பா கஞ்சன் இல்லை. கேட்டிருந்தால் அவனுக்கு அன்றைக்குப் பாதிப் பாத்தியை வெட்டிக் கொடுத்திருப்பேன். பக்கத்து மனைக்காரர் கேட்டிருந்தால் நாலு சட்டி என்ன, நாற்பது சட்டி கொடுத்திருப்பேன். நாளைக் காலையில் அவர் அந்த நாலு சட்டியையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டப் போகிறார். நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொட்டும்போது நீங்கள் இரண்டு பேரும் சிரிக்காமல் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.