பதினொரு தடவை விழுந்தவன்

எங்கள் பள்ளிக்கூட அணியின் ஆட்டச் சட்டைகளைப் பதினான்கு வருடமாகத் துவைப்பவள் வெர்னா ஸ்டட்லர். ஓஹையோவில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. மைதானத்தில் விளக்கு கிடையாது, சனிக்கிழமை மதியமே ஆட்டத்தை முடித்தாக வேண்டும். அவளுடைய சலவைக்கடையில் கூட்டம் அலைமோதுவதும் அதே மதியம்தான். ஒரு ஆட்டத்தைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. அதனால் கையால் எறிந்தும் மோதியும் ஆடுகிற எங்கள் ஃபுட்பாலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் மகன் கோல்தான் அணியில் பந்து எறிகிறவன். முந்தின வருடம் முதுகுப் பக்கமாக ஒருவன் பாய்ந்து மோதியதில் தோள் எலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் கையைத் தூக்கவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆடியே தீருவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றான். அதற்குத் தாயின் கையெழுத்து வேண்டும்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல டீக்கடைச் சண்டை. எங்கள் ஊரில் அதைக் காபிக்கடை என்போம். பந்து எறிபவனுக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேரைப் பற்றித்தான் பேச்சு. வலது கையால் எறியத் திரும்பும்போது எறிபவனின் முதுகு இடது பக்கம்தான் இருக்கும்; அந்த ஓரத்தில் நிற்பவன்தான் அதைக் காக்க வேண்டியவன்.

"அந்தக் குண்டன் வெண்டலை அங்க நிறுத்தினா அவ்ளோதான்," என்றான் பால்பண்ணை டுவேன். "அவன் திரும்புறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும்."

"ட்ராவிஸை நிறுத்தணும்யா," என்றேன் நான். "என்ன உயரம், என்ன கால் வேகம்! போன ஆட்டத்துல வெண்டல் எத்தன தடவ விழுந்தான் தெரியுமா? பதினொண்ணு. உக்காந்து எண்ணினேன். ட்ராவிஸ் ஒரு தடவகூட விழல."

"டயர் விக்கிறவனுக்கு எண்ண நல்லா வருது," என்று டுவேன் சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்த கோச் ரிக்கர் சிரிக்கவில்லை. ட்ராவிஸை நிறுத்தத்தான் தானும் நினைத்திருப்பதாகச் சொன்னார்.

காபி வாங்க வந்த வெர்னா அதைக் கேட்டுவிட்டாள். "கோச், ஒரு நிமிஷம் என் கடைக்கு வாங்க," என்றாள். கூப்பிடாமலே நாங்களும் பின்னால் போனோம்.

துவைக்காத இரண்டு சட்டைகளை மேசையில் விரித்தாள்.

"இது ட்ராவிஸோடது. நெஞ்சுல ஏதாவது இருக்கா? ஒண்ணும் இல்ல. கைப்பக்கம் மட்டும்தான் அழுக்கு. ஆள் வந்தா ஒதுங்கி நின்னு ஒரு தட்டு தட்டுறான், அவ்ளோதான். அப்புறம் எப்படி விழுவான்?"

அடுத்த சட்டையைத் திருப்பினாள். "இது வெண்டலோடது. முதுகைப் பாருங்க."

முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. நெஞ்சு முழுக்க எதிரணித் தலைக்கவசத்தின் சிவப்புப் பெயின்ட். புல் கறை முழங்கையில் மட்டும்தான்.

"பதினொரு தடவையும் முன்னால விழுந்திருக்கான். நெஞ்சுல புல்லு ஒட்டல. ஏன்னா நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவுல எதிராளி கிடந்திருக்கான்."

பதினொன்று வரை எண்ணத் தெரிந்த எனக்கு அவன் யார் மேல் விழுந்தான் என்று பார்க்கத் தெரியவில்லை. நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

"வெண்டல் இடது ஓரத்துல நின்னா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா என் பையன் பெஞ்சுல உக்காரட்டும்," என்றாள் வெர்னா. அனுமதிக் காகிதத்தை இரண்டு சட்டைகளுக்கும் நடுவே வைத்தாள். கோச் வெண்டல் சட்டையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை முதல் முறையாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை. நானும் அவள் பார்த்த இடத்தையே பார்த்தேன். நாற்பது வருட ரசிகன் நான், அன்றுதான் ஃபுட்பால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வெண்டலை விட அரை அடி உயரமான எதிரணிக்காரன் ஒருவன் திரும்பத் திரும்ப ஓடிவந்து மோதினான். வெண்டல் இடுப்பைத் தாழ்த்தி, அவன் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து, ஒவ்வொரு தடவையும் நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் கோல், வீட்டு முற்றத்தில் நிற்பவன்போல நிதானமாக நின்று எறிந்தான். ஒரு விரல்கூட அவன் மேல் படவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றோம். டுவேன் தொப்பியைத் தரையில் அடித்தான். வெர்னா புள்ளிப்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. படிகளில் இறங்கி ஓடினாள்.

கோல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். வெர்னா அவனைத் தாண்டிப் போய், தலைமுதல் கால்வரை சேறாக நின்ற வெண்டலை இறுகக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"ஆன்ட்டி, உங்க கோட்டு..." என்று திணறினான் அவன்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்," என்றான் கோல்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டா, நீ சுத்தமாத்தான் இருக்க," என்றாள்.